பாட்டிலும் மாத்திரையும் தீர்க்காத 'டென்ஷன்'

'டென்ஷன்' என்ற சொல் இப்போது நம் வீட்டுக் குழந்தைகள் வாயில்கூட வந்துவிட்டது. அதைப் போக்க ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். அதில் எது மருந்து, எது கடன் மேல் கடன் என்றுதான் யாரும் யோசிப்பதில்லை.

முதலில் ஆண்கள் வழி. எங்கள் புதுச்சேரியில் அதைச் சொல்லவே வேண்டாம், ஊர்ப் பெயரைக் கேட்டாலே வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள்! ரோடியர் மில் என்று நாங்கள் சொல்லும் ஏ.எஃப்.டி. மில், 2011 டிசம்பர் தானே புயலில் பலத்த அடிபட்டு, 2020-ல் ஒரேயடியாக மூடப்பட்டது. அந்தச் சம்பளத்தை நம்பியிருந்த வீடுகளில் எத்தனை பேர் "மனசு சரியில்ல" என்று கடைப் பக்கம் ஒதுங்கினார்கள் என்பது அந்தந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். குடித்தால் உடனே தூக்கம் வரும், அது உண்மைதான். ஆனால் போதை இறங்கும்போது பாதி ராத்திரியில் முழிப்பு வந்துவிடும். மறுநாள் படபடப்பும் எரிச்சலும் முன்னைவிட அதிகம். அதை அடக்க மறுபடியும் குடி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகளை மூடியபோது, "நல்லதாப் போச்சு, இதோட விட்டுடுவார்" என்று பல வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு வரைக்கும் போகலாம். உயிருக்கே ஆபத்து. கோபத்தில் ரூமில் போட்டுப் பூட்டாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

சரி, அவர்களைத் திட்டியது போதும். நம் வழிகள் மட்டும் என்ன ஒழுங்கு? சாப்பிடாமல் கிடப்பது, வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வது, மாமியார் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளை முதுகில் காட்டுவது. எல்லாவற்றிலும் எனக்குப் பயம் தருவது தூக்க மாத்திரைதான்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. வீட்டுக்காரருக்கு மில் வேலை போன பிறகு ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை, அதே பழைய சீட்டைக் காட்டி இரண்டு வருஷம் வாங்கிச் சாப்பிட்டார். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது, 2014 முதல் விற்றதைத் தனி ரெஜிஸ்டரில் எழுதியும் வைக்க வேண்டும். சட்டம் அப்படி. தெரிந்த முகம் என்றால் சில கடைகளில் சட்டமும் தூங்கிவிடுகிறது! போகப் போக ஒன்று போதாமல் இரண்டாயிற்று. ஒருநாள் பயந்துபோய் மொத்தமாக நிறுத்தினார். மூன்று நாள் கண்ணே மூடவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உடம்பு பழகிவிட்டால் அப்படித்தான் ஆகும். டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம்.

ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. கதிர்காமத்திலிருந்து ரொம்ப தூரமும் இல்லை. ஆனாலும் "அங்க போனா பைத்தியம்னு சொல்லுவாங்களே" என்று அக்கா தயங்கினார். அவருடைய நாத்தனார்தான் பிடிவாதமாகக் கூட்டிப் போனார். (நாத்தனார்களைப் பற்றி இந்தப் பகுதிக்கு எவ்வளவோ புகார் வரும், இதையும் போடுங்கள்.) மாத்திரை குறையச் சில மாதம் ஆயிற்று. மத்தியானத்துக்கு மேல் காபி கிடையாது, பகல் தூக்கம் கிடையாது. படபடப்பு வந்தால் மூச்சை இழுப்பதைவிட, விடுவதை நிதானமாக நீளமாக விட வேண்டும். இதயத் துடிப்பு மெல்ல மட்டுப்படும். சாயங்காலம் அரை மணி நடை. ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், காலாற நடக்கலாம். தினமும் அவ்வளவு தூரம் போக யாருக்கு நேரம்? மற்ற நாளில் தெருவையே நாலு சுற்று சுற்றுவார்.

இதையெல்லாம்விட அக்கா சொன்னது வேறு. நகையை அடகு வைத்த கணக்கை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தாராம். அதை நாத்தனாரிடம் சொன்ன அன்று கடனில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. "ஆனா அன்னிக்குத்தான் அசந்து தூங்கினேன்" என்கிறார்.

அப்படிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாதவர்கள் 14416-க்குப் போன் போடலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். எங்கள் வீட்டு காலண்டரில் கேஸ் நம்பருக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, கதிர்காமம், புதுச்சேரி.