ஆண்டீஸ் ஸ்பானிய மொழியில் கெச்சுவா இலக்கணம்: பிழையா, மொழித் தொடர்பின் தடமா?

பெரு, பொலிவியா உள்ளிட்ட ஆண்டீஸ் மலைநாடுகளில் பேசப்படும் ஸ்பானிய மொழி, பாடநூல் இலக்கணத்திலிருந்து சில இடங்களில் விலகி நிற்கிறது. பிழை என்று நெடுங்காலமாகக் கேலி செய்யப்பட்டு வரும் இவ்வழக்குகளில் பல, ஸ்பானிய மொழியும் பூர்வகுடிகளின் கெச்சுவா மொழியும் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளாக அருகருகே பேசப்படுவதன் விளைவு என மொழியியலாளர்கள் விளக்குகின்றனர்.

என்ன வேறுபாடு?

'ஹுவானின் வீடு' என்பதற்குப் பொது ஸ்பானிய வழக்கு 'லா காசா தே ஹுவான்'. இதில் வீடு முதலிலும் உடையவர் பெயர் பின்னரும் வரும். ஆண்டீஸ் பகுதியிலோ 'தே ஹுவான் சு காசா', அதாவது 'ஹுவானுடைய அவரது வீடு' என்பர். கெச்சுவாவின் 'ஹுவான்பா வாசின்' என்ற தொடரும் இதே அமைப்பைக் கொண்டது. உடையவர் பெயர் முதலில் வர, 'அவரது' எனப் பொருள்தரும் விகுதி வீட்டைக் குறிக்கும் சொல்லுடன் சேர்கிறது.

கண்டதும் கேட்டதும்

தமிழில் 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் போல, நேரில் கண்ட செய்தியையும் கேள்விப்பட்டதையும் பிரித்துக்காட்டும் விகுதிகள் கெச்சுவாவில் உள்ளன. ஸ்பானிய மொழியில் அத்தகைய விகுதி இல்லை. எனவே 'வந்திருந்தான்' எனப் பொருள்படும் 'அபியா யெகாதோ' போன்ற வினைவடிவங்களை, தாம் நேரில் காணாத நிகழ்வுகளைக் கூற ஆண்டீஸ் மக்கள் பயன்படுத்துகின்றனர். இதை அறியாத விசாரணை அதிகாரி ஒருவர், 'நான் பார்க்கவில்லை' என்ற குறிப்பைச் சாட்சியத்தில் தவறவிடக்கூடும்.

எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது?

பழைய ஸ்பானிய மொழியிலும் உடைமையை இருமுறை சுட்டும் தொடர்கள் இருந்தன. ஆகவே ஒற்றுமை மட்டுமே சான்றாகாது. கெச்சுவா பேசப்படாத பகுதிகளில் அவ்வழக்கு எந்த அளவுக்கு உள்ளது, இருமொழி பேசுவோரிடம் அது மிகுதியாக உள்ளதா என்பன ஒப்பிடப்படுகின்றன. கெச்சுவா அறியாதவர்களிடமும் இவ்வழக்குகள் பரவியிருப்பதால், இவற்றை மொழி கற்போரின் தடுமாற்றமாக மட்டும் கருத இயலாது.

இந்தியாவில்

மகாராஷ்டிராவின் குப்வார் கிராமத்தில் கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றின் வாக்கிய அமைப்புகள் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதை கம்பெர்ஸ், வில்சன் ஆகியோரின் 1971ஆம் ஆண்டு ஆய்வு விவரித்தது. அங்கு ஒவ்வொரு மொழியின் சொற்களும் பெரும்பாலும் தனித்தே நிற்க, இலக்கணம் ஒன்றுபட்டிருந்தது.

பெருவில் 1975ஆம் ஆண்டு கெச்சுவா ஆட்சிமொழியாக அறிவிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கு 37 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு அதுவே தாய்மொழி. எனினும், அதன் தடம் பதிந்த ஸ்பானிய மொழியைப் பேசுவோர் இன்னும் ஏளனத்துக்கு உள்ளாகின்றனர்.