நேரத்தைப் பதிவு செய்வோம், பிறகு திட்டமிடுவோம்

மாலை மணி அடித்ததும் நம்மில் பலர் இரண்டு பைகளுடன் பள்ளியிலிருந்து கிளம்புகிறோம். ஒன்றில் மதிய உணவு டப்பா, மற்றொன்றில் திருத்த வேண்டிய கட்டுரை நோட்டுகள். ‘இன்று இரவு முடித்துவிடலாம்’ என்ற நம்பிக்கையுடன்தான் அவற்றை எடுத்துச் செல்கிறோம். சமையல், நம் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், வயதான பெற்றோரின் தேவைகள் என்று இரவு கழிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அந்த நோட்டுகள் பிரிக்கப்படாமலேயே பள்ளிக்குத் திரும்புகின்றன. வேலையும் முடியவில்லை, வீட்டில் இருந்த நேரமும் நிம்மதியாகக் கழியவில்லை.

இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். பெரும்பாலும் அது காரணமல்ல. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நாம் தவறாகக் கணக்கிடுகிறோம் என்பதே உண்மை.

வல்லுநர்களும் தவறிய கணக்கு

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2002இல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் தம் சொந்த அனுபவம் ஒன்றை எழுதியிருக்கிறார். இஸ்ரேலின் உயர்நிலைப் பள்ளிகளுக்காக, முடிவெடுக்கும் முறைகள் பற்றிய பாடத்திட்டத்தையும் பாடநூலையும் உருவாக்கும் குழுவில் அவர் இருந்தார். ஏறத்தாழ ஓராண்டு வேலைக்குப் பின், நூல் முடிய இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே தாளில் எழுதச் சொன்னார். எல்லாருடைய விடையும் ஒன்றரை ஆண்டுக்கும் இரண்டரை ஆண்டுக்கும் இடையில் இருந்தது.

அக்குழுவில் ஒரு பாடத்திட்ட வல்லுநரும் இருந்தார். ‘இதற்கு முன் இதே போன்ற பணியை மேற்கொண்ட குழுக்கள் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டன?’ என்று அவரிடம் கேட்டபோது, ஏறக்குறைய 40 விழுக்காட்டுக் குழுக்கள் பணியை முடிக்கவே இல்லை. முடித்தவை 7 முதல் 10 ஆண்டுகள் எடுத்துக்கொண்டன என்றார். இதை அறிந்திருந்தும், சற்று முன் அவரும் மற்றவர்களைப் போலவே குறைவான காலத்தைத்தான் எழுதியிருந்தார். நூல் முடிய எட்டு ஆண்டுகள் ஆயின.

கானமனும் அவருடைய சக ஆய்வாளர் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இந்தப் போக்கைப் பற்றி எழுதினர். இதைத் ‘திட்டமிடல் மாயை’ எனலாம். தடை எதுவும் வராது என்ற விருப்பத்தை வைத்து நாம் நேரத்தைக் கணிக்கிறோம். முன்பு அதே வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு வாரப் பதிவு

எனவே முதல் வேலை கால அட்டவணை போடுவதன்று, பதிவு செய்வது. ஒரு வாரம் மட்டும், ஒரு சிறு நோட்டில் நான்கு செய்திகளைக் குறித்து வாருங்கள்: செய்த வேலை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடையில் வந்த குறுக்கீடு. வாரக் கடைசியில் அதைப் படித்தால் சில உண்மைகள் தெரியவரும். ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்த இணையப் பதிவேற்றம் அரை மணி நேரம் எடுத்திருக்கும். ஓய்வுப் பாடவேளைகளில் பாதி, விடுப்பிலுள்ள ஆசிரியரின் வகுப்பைக் கவனிப்பதில் போயிருக்கும். ஈராசிரியர் பள்ளியில் பணியாற்றுபவருக்கு ஓய்வுப் பாடவேளை என்ற ஒன்றே இல்லை என்பதும் அப்பதிவில் தெரியும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, ஆசிரியரின் வாராந்திரப் பணி நேரம் குறைந்தது 45 மணி என்று கூறும்போது, பாடத் தயாரிப்பு நேரத்தையும் அதனுள்ளேயே சேர்க்கிறது. தயாரிப்பும் பணிதான். ஆகவே அதற்கும் வாரத்தில் ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

நோட்டுத் திருத்தம்: ஒரு கணக்கு

ஒன்பதாம் வகுப்பின் இரு பிரிவுகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரிடம் 80 கட்டுரை நோட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். நோட்டுக்கு 4 நிமிடம் என்றால் மொத்தம் 320 நிமிடங்கள். நாளொன்றுக்கு 40 நிமிட ஓய்வுப் பாடவேளைகள் இரண்டு கிடைத்தால், 80 நிமிடங்கள். அதன்படி நான்கு நாள்கள் வேண்டும். அவற்றில் பாதி வேறு வகுப்புகளுக்குப் போனால் எட்டு நாள்கள் ஆகும். ‘இரண்டு நாளில் கொடுத்துவிடுகிறேன்’ என்று மாணவர்களிடம் சொன்ன சொல் ஏன் பொய்க்கிறது என்பது இப்போது புரியும்.

கணக்கு தெரிந்தபின் முறையை மாற்றலாம். எழுத்துப் பிழைக்கு ‘எ’, சந்திப் பிழைக்கு ‘ச’, வாக்கியப் பிழைக்கு ‘வா’ என ஓரத்தில் குறியீடு மட்டும் இடலாம். சரியான வடிவத்தை மாணவரே கண்டுபிடித்து எழுதட்டும். பலரும் செய்த பிழைகளைக் கரும்பலகையில் ஒரே முறை விளக்கலாம். இதனால் நோட்டுக்கு 2 நிமிடமே ஆகும் என்றால், மொத்தம் 160 நிமிடங்கள். நான்கு நாள்களில் முடிந்துவிடும். மாணவருக்கும் நன்மைதான். எழுதியது நினைவில் இருக்கும்போதே நோட்டு திரும்பக் கிடைத்தால், அவர் பிழையைக் கவனிப்பார்.

அவசரமும் முக்கியமும்

பதிவில் உள்ள வேலைகளை அவசரமானவை, முக்கியமானவை என்று பிரித்துப் பாருங்கள். உடனே அனுப்ப வேண்டிய புள்ளிவிவரம் அவசரமானது. வாசிக்கத் தடுமாறும் மூன்று மாணவர்களுடன் தினமும் பத்து நிமிடம் அமர்வது முக்கியமானது. ஆனால் அதைக் கேட்டு யாரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. எனவே அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. இத்தகைய வேலைக்குப் பாடவேளை போலவே நிலையான நேரம் குறித்துவிடுவதே வழி.

வாட்ஸ்அப் குழுச் செய்திகளை வரும்போதெல்லாம் திறக்காமல், காலை வழிபாட்டுக்கு முன், மதிய உணவு இடைவேளையில், மாலையில் என மூன்று முறை பார்க்கலாம். மிக அவசரமென்றால் அழைக்கும்படி தலைமை ஆசிரியரிடமும் சக ஆசிரியர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஒரே வகையான பதிவேற்றங்களைச் சேர்த்துவைத்து ஒரே அமர்வில் முடிக்கலாம்.

மாணவர்களுக்கும் இதே வழி

பத்தாம் வகுப்பு மாணவர் போடும் படிப்பு அட்டவணை மூன்றாம் நாளே கைவிடப்படுவதற்கும் இதுவே காரணம். ‘ஒரு மணி நேரத்தில் ஓர் இயல்’ என்று விருப்பத்தால் எழுதுகிறார். முதலில் ஓர் இயலைப் படித்துப் பார்த்து, ஆன நேரத்தைக் குறித்து, அதன்பின் அட்டவணை போடச் சொல்லுங்கள். அட்டவணை சிறிதாகும்; ஆனால் நிற்கும்.

எல்லா வேலையையும் எந்த முறையாலும் பணி நேரத்துக்குள் அடக்கிவிட முடியாது. தேர்வுக் காலத்தில் விடைத்தாள் கட்டுகள் வீட்டுக்கு வரத்தான் செய்யும். ஆனால் எத்தனை தாள்களை ஓர் இரவில் திருத்த முடியும் என்று பதிவிலிருந்து தெரிந்தவர், அத்தனையை மட்டும் எடுத்துச் செல்வார். அவற்றை முடித்து வைத்துவிட்டு, மீதி நேரத்தைக் குற்றவுணர்வின்றி வீட்டாருடன் கழிப்பார். வரும் திங்கட்கிழமை ஒரு சிறு நோட்டுடன் தொடங்குவோம்.