பார்சல் வேலையில் முதல் ஆறு மாதம்



போன வருஷம் ஒரு தாய், கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு, கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மகனுடைய நியமனக் கடிதம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் பார்சல் விநியோகிக்கும் கம்பனி ஒன்றில் முச்சக்கரவண்டிச் சாரதி வேலை. கடிதம் இங்கிலீஷில் இருந்தது. "ஐயா, ஆறு மாசம் பார்த்துட்டுத்தான் வேலைன்னு எழுதியிருக்காம். அதுவரைக்கும் ஈ.பி.எஃப் பிடிக்க மாட்டாங்களாம், கைக்காசு வேலை மாதிரித்தானாம். மெய்தானா?" என்று கேட்டார். லயத்தில் யாரோ அப்படிச் சொல்லிவிட்டார்கள்.

அது தவறு. நம்ம பிள்ளைகள் பலர் இப்போது இந்த வேலைக்குப் போகிறபடியால் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன்.

தகுதிகாண் காலம் என்பது கம்பனி நம்மைப் பார்க்கிற காலம். பெரும்பாலும் ஆறு மாதம். கடிதத்தில் இடம் வைத்திருந்தால் நீட்டவும் செய்வார்கள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நாம் தொழிலாளிதான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் முதல் நாளிலிருந்தே பொருந்தும். நம்மிடம் 8 வீதம் வெட்டி, முதலாளி 12 வீதம் சேர்த்துப் போடவேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தன் கையிலிருந்து 3 வீதம் கட்டவேண்டும். 40,000 ரூபா சம்பளம் என்றால் 3,200உம் 4,800உம் சேர்த்து மாதம் 8,000 ரூபா சேமலாப நிதிக்கும், 1,200 ரூபா மற்ற நிதிக்கும் போகவேண்டும். "நிரந்தரமான பிறகு பிடிப்போம்" என்று யாராவது சொன்னால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். வேலை நேரத்தில் விபத்து நடந்தாலும் இப்படித்தான். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் தகுதிகாண் காலம் என்று பார்ப்பதில்லை. அடிபட்டால் அன்றைக்கே எழுத்தில் அறிவித்துவிட வேண்டும்.

வித்தியாசம் இருப்பது வேலையை விட்டு நிறுத்தும் விஷயத்தில்தான். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில், ஒழுக்கக் குற்றம் இல்லாத ஒரு தொழிலாளியை அவர் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்யாதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே முதல் ஆறு மாதத்தில் நம்மைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நம்முடைய கணக்கும் நடத்தையும்தான்.

இன்னொன்றையும் கையெழுத்து வைக்க முன்னர் கேட்டுக்கொள்ள வேண்டும். சில இடங்களில் வேலையாளாக எடுப்பதில்லை. சொந்த மோட்டார் சைக்கிள், சொந்தப் பெற்றோல், பார்சலுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். அதில் கையில் வருவது கூடுதலாகத் தெரியும். டயரும் ஒயிலும் போக என்ன மிஞ்சுகிறது என்று எழுதிப் பாருங்கள். சேமலாப நிதியும் அங்கே பெரும்பாலும் கிடையாது. போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போகட்டும்.

இனி அந்தப் பையனின் கதைக்கு வருகிறேன். அவன் இதற்கு முன் கொழும்பில் இதே வேலைக்குப் போய், இரண்டாம் மாதமே திரும்பி வந்தவன். காரணம் வண்டி ஓட்டத் தெரியாதது அல்ல, காசு. நம்ம நாட்டில் பார்சல் வாங்குகிறவர்களில் அனேகர் பொருள் கைக்கு வந்த பிறகுதான் பணம் கொடுப்பார்கள். ஆகவே சாரதி பொழுதுபட ஒரு பை நிறையக் காசோடு கிளைக்குத் திரும்புகிறான். ஒரு நாள் 4,500 ரூபா குறைந்தது. எந்த வீட்டில் குறைந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. பெரியவர்கள் மடித்துக் கொடுத்த நோட்டை அவர்கள் முன்னால் எண்ணுவது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கிறான். கொஞ்ச நாளில் இன்னொரு தடவை குறைந்தது. பிறகு "வரவேண்டாம்" என்றுவிட்டார்கள். அம்மா அடகு வைத்த தோடு இன்னும் மீளவில்லை.

தீபாவளிக்கு அவன் வந்தபோது, கொக்குவிலில் எப்படிச் சமாளிக்கிறாய் தம்பி என்று உட்கார வைத்துக் கேட்டேன். "நிறுவை மாதிரி சேர்" என்றான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நம்ம பெண்கள் தராசு முள்ளையும் பார்ப்பார்கள், கணக்கப்பிள்ளை எழுதுகிற கிலோவையும் பார்ப்பார்கள். பிறகு சண்டை பிடித்துப் பலன் இல்லை என்று தெரியும். அதைத்தான் அவனும் செய்கிறான். காசை ஆள் முன்னாலேயே சத்தமாக எண்ணுகிறான். போனில் பதிவதோடு நிற்காமல், சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்து பார்சல் இலக்கம், தொகை, நேரம் மூன்றையும் எழுதுகிறான். பின்னேரம் காசாளரிடம் கொடுத்ததும் அந்தக் கொப்பியிலேயே ஒப்பம் வாங்குகிறான். முதல் வாரம் காசாளர் சிரித்தாராம். மூன்றாம் மாதம் ஒரு கணக்குப் பிசகு வந்தபோது, அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் தீர்த்தார்களாம்.

வெற்றுத் தாளிலோ, விளங்காத தாளிலோ குறைவுக்குப் பொறுப்பு என்று கையெழுத்து வைக்கக்கூடாது. ஒரு பிரதி கேளுங்கள். தராவிட்டால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் சாமான் ஏற்றும்போதும் ஒரு வேலை இருக்கிறது. பட்டியலில் உள்ள பார்சல் எல்லாம் உண்மையிலேயே கையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்கவேண்டும். பெட்டி நசுங்கியிருந்தால் ஏற்ற முன்னரே காட்டவேண்டும். கடைசியாகப் போகும் வீட்டுச் சாமான் உள்ளே, முதலில் போகும் வீட்டுச் சாமான் வெளியே.

விலாசம் பெரிய தலையிடி. நம்ம பக்கம் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் லயத்து இலக்கமும் சொன்னால் போதும், ஆளைப் பிடித்துவிடலாம். அங்கே வீதிகள் நீளம். கே.கே.எஸ் வீதி யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை மட்டும் போகிறது, கொக்குவில் அதில் ஒரு துண்டுதான். ஆடியபாதம் வீதியும் கொக்குவிலோடு நிற்காமல் திருநெல்வேலிப் பக்கம் போகிறது. வீதியை விட்டு இறங்கினால் ஒழுங்கைகள், இரண்டு பக்கமும் வேலியும் மதிலும். கேற்றை அங்கே படலை என்பார்கள். இலக்கம் இருக்கிற படலையும் உண்டு, இல்லாத படலையும் உண்டு. வீட்டுக்காரர் லண்டனில் அல்லது கனடாவில், பூட்டுத்தான் தொங்கும். ஆகவே கிளையை விட்டு வெளிக்கிட முன்னர், முதல் பத்து வீட்டுக்கும் போன் எடுத்து "நிற்பீங்களா, எந்தக் கோயிலடி, எந்தச் சந்தி" என்று கேட்டு எழுதிக்கொள்கிறான். மஞ்சவனப்பதி முருகன் கோயில், இந்துக் கல்லூரி, குளப்பிட்டிச் சந்தி, ரயில் நிலையம் என்று நாலைந்து இடத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதியைக் கேட்டுப் போகலாம் என்கிறான். ஓகஸ்ட் பக்கம் நல்லூர்த் திருவிழா நடக்கையில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மூடிவிடுவார்கள், அந்த நாட்களில் சுற்றுப் பாதை தேவை.

ஆள் இல்லாத வீட்டுக்குப் போகாமலே "போனேன், ஆள் இல்லை" என்று பதிந்துவிடுகிற பழக்கம் சில சாரதிகளிடம் உண்டு. புதியவன் இதைப் பழகவே கூடாது. வாங்குகிறவர் கிளைக்குப் போன் எடுத்துக் கேட்டால் பொய் வெளிப்பட்டுவிடும். இரண்டு பார்சல் குறைந்ததற்கு மன்னிப்பு உண்டு, பொய்க்கு இல்லை.

பேச்சிலும் அவனுக்கு முதலில் கூச்சம். மலையகத்துப் பேச்சைக் கேட்டு "தம்பி எவிடம்?" என்று எல்லோரும் கேட்டார்களாம். மறைக்காமல் சொன்னான். கிளிநொச்சியில் அவனுக்குச் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. 1977, 1983 கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் அதுவும் ஒன்று. இப்போது சில வீடுகளில் படலைக்கே தேத்தண்ணி வருகிறதாம். தேயிலை நல்லாயில்லை என்று என்னிடம் குறை சொன்னான்!

ரயில் கடவை ஒன்றைப் பற்றித் தாய்மார் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014இல் திரும்ப வந்து, 2015 சனவரியிலிருந்து கொக்குவில் ஊடாகக் காங்கேசன்துறை மட்டும் ஓடுகிறது. அந்தப் பாதையைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தி, காதில் போனை வைத்திருந்தால் எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் வகுப்பையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு ஏ, முச்சக்கரவண்டிக்கு பி1, வானுக்கு பி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை "இன்றைக்கு மட்டும் ஓட்டு" என்று சொன்னால் மறுக்கவேண்டும். விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிட்டுவிடும்.

சென்ற மாதம் அவனுக்கு உறுதிப்படுத்தும் கடிதம் வந்தது. தாய் அதை இரண்டு தடவை என்னை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை வாசிக்கும்போதுதான் கண்டேன், தகப்பன் பெயரில் ஓரெழுத்து அடையாள அட்டையில் உள்ளதுபோல் இல்லை. இந்த ஓரெழுத்தால் சேமலாப நிதியை எடுக்க முடியாமல் அலைந்த நம்ம வயதானவர்கள் எத்தனை பேர்! கடிதத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்து, திருத்தித் தரும்படி கம்பனிக்கு அனுப்பியிருக்கிறோம். உங்கள் பிள்ளைகளுக்கு இப்படிக் கடிதம் வந்திருந்தால், அடையாள அட்டையோடு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், ஒத்துப் பார்ப்போம்.