ஒருவகை மீன்

பழந்தமிழ் நூல்களைப் பாடஞ் சொல்லும் என் போன்ற ஆசிரியர்க்கு இடுக்கண் வந்துற்றபோது கைகொடுப்பது ஒரு சிறு தொடர். ‘ஒருவகை மரம்’, ‘ஒருவகைப் பறவை’, ‘ஒருவகை மீன்’ என்று சொல்லிவிட்டால் அரும்பதம் விளங்கிவிட்டதென ஆசிரியனும் அமைவான். மாணாக்கனும் ஏட்டிற் குறித்துக்கொள்வான். நானும் நெடுங்காலம் அத்தொடரின் நிழலில் ஒதுங்கி வந்தவனே. அந்நிழலை விட்டு என்னை வெளியேற்றியவை பன்னிரண்டு மீன்கள்.

2014 ஆம் ஆண்டு ஆடி மாதம். ஐங்குறுநூற்றிலே அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியில், சிறுவெண்காக்கைப் பத்தை வகுப்பிலே நடத்திக்கொண்டிருந்தேன். கழியிலே அக்காக்கை உண்ணும் மீனாகக் ‘கெடிறு’ அங்கே வருகின்றது. “கெடிறு என்பது கெளிறு, ஒருவகை மீன்” என்று சொல்லி அடுத்த அடிக்குப் போக முற்பட்டேன். வவுனிக்குளப் பக்கத்திலிருந்து வந்து படித்த மாணாக்கன் ஒருவன் எழுந்து நின்றான்.

“எப்பிடியான மீன் ஐயா? எங்கடை குளத்திலை கெளிறும் இருக்கு, சுங்கானும் இருக்கு. இரண்டுக்கும் மீசை இருக்கு. ஆனால் இரண்டும் ஒண்டில்லை.”

எனக்கு விடை தெரியவில்லை. ‘அது பரீட்சைக்கு வேண்டுவதன்று’ எனக் கூறி அவனை இருத்தினேன். அவன் இருந்தான், ஆயினும் விட்டானல்லன். அடுத்த விடுமுறைக்கு ஊர் சென்று மீண்டபோது, ஒரு வாளியிற் பன்னிரண்டு சுங்கான்களுடன் என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். வாளியில் நாலு விரற்கடை நீரே இருந்தது. பேருந்தில் நெடுந்தூரம் அந்த நீரில் வந்தும் ஒன்றேனும் இறக்கவில்லை. அதன் காரணத்தை நான் அன்றே வினவியிருத்தல் வேண்டும்.

எங்கள் முற்றத்திலே, மாதுளை மரத்தருகே, ஆம்பல் வளர்ப்பதற்கெனக் கட்டிய சீமெந்துத் தொட்டி ஒன்று உண்டு. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றடி ஆழம். மீன்களை அதில் விட்டேன். பகலில் ஒதுங்குவதற்கு உடைந்த பானைகளை அடியிற் கிடத்தினேன். சுங்கான் இரவிலே இரைதேடுவது. ஆதலின் மாலை மயங்கும் வேளையில் மண்புழுவும் தவிட்டு உருண்டையும் இடுவேன்.

இப்போது அதன் உருவத்தைக் கண்ணாற் கண்டு சொல்ல என்னால் இயன்றது. செதிலற்ற கருமேனி, தட்டையான தலை, வாயைச் சுற்றி நான்கு இணை மீசைகள், ஓரடி வரை வளரும் உடல். முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. வயிற்றுப்புறத் துடுப்போ வாலருகு வரை நீண்டு செல்வது. கெளிற்றுக்கு முதுகின் பின்புறத்தே கதிரில்லாத தசைத்துடுப்பு ஒன்று உண்டு, சுங்கானுக்கு அஃதில்லை. கெளிற்றினத்தில் உவர்க்கழியில் வாழ்வனவும் உள; சுங்கான் குளத்துக்கும் சேற்றுக்கும் உரியது. எனவே அம்மூவனாரின் கழிமீன் சுங்கானாதல் சாலாது. மாணாக்கன் கேட்ட வினாவிற்கு இதுவே விடை. வகுப்பிலே இதனைச் சொன்னபோது எனக்குண்டான பெருமிதம் சிறிதன்று.

பெருமிதம் கார்த்திகை வரையே நின்றது. ஐப்பசி முதன்மழை இரவில் ஒரு மீன் தொட்டியைத் தாண்டி வெளியேறியது. காலையில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. மீன்கொத்தியும் அயல்வீட்டுப் பூனையும் வேறு. ஆகவே நெருங்கிய கண்ணுடைய வலை ஒன்றை வாங்கி, தொட்டியின் உட்புறத்தே விளிம்புக்கு ஒரு சாண் கீழே, நாற்புறமும் இறுகக் கட்டினேன். ‘இனி ஒன்றும் தப்பாது’ என்று மனைவியிடம் சொன்னேன்.

கார்த்திகையில் ஓரிரவு விடிய விடிய மழை பெய்தது. காலையிற் பார்த்தபோது நீர் விளிம்பைத் தொட்டிருந்தது. வலை நீரினுள் அமிழ்ந்திருந்தது. அதன் அடியிலே, மூக்கை வலைக்கண்ணில் அழுத்தியபடி, எட்டு மீன்கள் இறந்து கிடந்தன. ஒரு மூலையிற் கட்டு நெகிழ்ந்திருந்தது. அவ்விடைவெளியை அடைந்த மூன்றுமே பிழைத்தன.

இறந்தவற்றை எடுக்கையில் ஒன்றின் பக்கத்துடுப்பு முள் சுட்டுவிரலில் ஏறியது. அம்முள் நஞ்சுடையது; மீன் இறந்தபின்னும் குத்தும். பொறுக்கத்தக்க சூட்டில் வெந்நீரில் விரலை அமிழ்த்தி வைத்தபின்பே நோவு தணிந்தது. இரண்டு நாள் வெண்கட்டி பிடிக்க இயலவில்லை.

செய்தி கேட்டு மாணாக்கன் வந்தான். வலையைப் பார்த்தான், நீரைப் பார்த்தான். “மீன் தாண்டு போச்சுது ஐயா” என்றான்.

நீரில் வாழும் மீன் நீரிலே தாண்டு போவதா? அவன் விளக்கிய பின்னரே உண்மை உணர்ந்தேன். நம் பாடநூல்கள் பூ என வழங்கும் செவுளால் மட்டும் சுங்கான் மூச்சு விடுவதில்லை. செவுளறையிலிருந்து வாற்பக்கம் வரை தசையூடே நீண்டு செல்லும் இரு காற்றுப்பைகள் அதற்கு உண்டு. பிராணவாயு குறைந்த தேங்குநீரில் அது உயிர்வாழ்வதும், கோடையில் ஈரச்சேற்றினுட் கிடப்பதும், சிறு வாளியில் நெடும்பயணம் போவதும் அப்பைகளாலேயே. அதற்காக அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கும். மேலே வர விடாது தடுத்தால் தேங்குநீரில் மூச்சடைத்து மடியும்.

அவை மேலே வந்து மீள்வதை நான் காணாதவனல்லன். மூன்று மாதம் நாள்தோறும் கண்டேன். கண்டு, ‘விளையாடுகின்றன’ என்று மாணாக்கர்க்கும் சொன்னேன். நூலிலே ‘ஒருவகை மீன்’ என்று கடந்தவன், தொட்டியிலே ‘ஒருவகை விளையாட்டு’ என்று கடந்துவிட்டேன். முன்னது ஒரு மாணாக்கனின் வினாவை அடக்கியது. பின்னது எட்டு உயிர்களைக் கொண்டது.

சுங்கான் வளர்க்க விரும்புவோர் தொட்டியை விளிம்புவரை நிரப்பாதிருக்க. மழைநீர் வழிந்தோட வாய்க்கால் வைக்க. வலையை விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயர்த்திக் கட்டுக. கீழே ஒருபோதும் கட்டற்க. பிறநாட்டு மீன்களை நம் குளங்களில் விடுதலும் ஆகாது. எஞ்சிய மூன்றையும் மாணாக்கனே, எடுத்த குளத்திற்குக் கொண்டுசென்று விட்டான்.

என் பழைய பாடக்குறிப்பேட்டிலே கெடிறு என்பதற்கு எதிரே இருந்த உரையை அடித்து, அவன் சொன்னதை எழுதியிருக்கிறேன். அவ்வேட்டில் ‘ஒருவகை’ என்னும் சொல் இன்னும் பல பக்கங்களில் உண்டு. ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து திருத்தி வருகின்றேன். அறியாததை எவரேனும் வினவினால், “எனக்குத் தெரியாது, உங்களூரிற் கேட்டு வாருங்கள்” என்று சொல்ல இப்போது நாணுவதில்லை.