சபையோரும் பாடவேண்டாமா?

இங்கிலாந்தின் பல நகரங்களிலே புதிய மேயர் பதவியேற்றதும், அங்கியும் பொற்சங்கிலியும் அணிந்து, சபை அங்கத்தவர் புடைசூழ ஊர்வலமாகத் தேவாலயம் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. அன்று ஆலயத்தை நிறைப்போர் எல்லோரும் வழக்கமாக அங்கு வழிபடுவோர் அல்லர். பொலிசார், தீயணைப்புப் படையினர், பாடசாலைச் சிறுவர், பிற சமயத்தார், சமயமே வேண்டாதார் எனப் பலரும் இருப்பர். இக்கூட்டத்துக்கு எப்பாடல்களைத் தெரிவது என்பது பாடற்குழுத் தலைவருக்குப் பெரிய சோதனை.

சைவனாகிய நானும் சில ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டிலே இத்தகைய பொது வழிபாடொன்றுக்கு மாணாக்கர் சிலருடன் அழைக்கப்பட்டிருந்தேன். வாசலிலே பாட்டுகள் அச்சிட்ட தாளைத் தந்தார்கள். எல்லாப் பாட்டுகளையும் குழுவினரே பாடினர், நன்றாகவே பாடினர். நாங்கள் எழுந்தோம், இருந்தோம், மீண்டும் எழுந்தோம். பாதி வழிபாட்டிலே ஒரு மாணவன் என் காதருகே குனிந்து, "சேர், நாங்கள் எப்போது பாடுவது?" என்றான். நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். விடை அதில் இல்லை.

அக்கேள்வி என்னை விடவில்லை. பின்னர் மேனாட்டு இசை வரலாற்றைப் புரட்டியபோது, பொது வழிபாடுகளுள் மிகப் பெரியதாகிய முடிசூட்டு வழிபாட்டை அமைத்தோரும் இதே சிக்கலில் உழன்றதைக் கண்டேன்.

1727ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்திலே இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் முடிசூடினார். ஹாண்டல் அதற்கென நான்கு பாடல்களை இயற்றினார். மேற்றிராணிமார் பாடல் வரிகளைத் தெரிந்து அனுப்பியபோது, வேதாகமத்தைத் தாம் நன்கு கற்றிருப்பதால் வரிகளையும் தாமே தெரிவதாக அவர் கூறிவிட்டார் என்றொரு கதை உண்டு. ஆனால் பாடகர்கள் தடுமாறினர். இசை முழுவதும் ஒழுங்கின்றிப் போயிற்று என்று கண்டர்பரி அதிமேற்றிராணியார் தம் பிரதியிலே குறித்து வைத்தார். ஆயினும் அந்நான்கனுள் சாதோக் என்னும் ஆசாரியனைப் பற்றிய பாடல் அன்றுதொட்டு ஒவ்வொரு முடிசூட்டிலும் பாடப்பட்டு வருகின்றது.

நேரக் கணக்கும் எளிதன்று. 1902இல் ஏழாம் எட்வேட் மன்னர் முடிசூடியபோது, 122ஆம் சங்கீதத்துக்குப் பரி என்பார் இசையமைத்த பாடல், மன்னர் உள்ளே வருமுன்னரே முடிந்துவிட்டது! ஓகன் வாசித்தவர் கையிற் கிடைத்ததை வாசித்து இடைவெளியை நிரப்ப, மன்னர் வந்ததும் பாடலை மீண்டும் பாடினர். ஊர்வலத்தின் நீளத்தை அளந்தே பாட்டின் நீளத்தைத் தெரியவேண்டும் என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இவற்றையெல்லாம் விட என்னைக் கவர்ந்தது 1953ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி நிகழ்ந்த இரண்டாம் எலிசபெத் மகாராணியாரின் முடிசூட்டு. பாடற்குழுவிலே சுமார் 400 பேர் இருந்தனர். அக்காலத்துப் பெரும் இசையாசிரியர்கள் பலர் புதிய ஆக்கங்களைத் தந்தனர். அப்போது 80 வயதினராயிருந்த வோன் வில்லியம்ஸ் மட்டும் வேறொன்றை வற்புறுத்தினார். சபையோர் அனைவரும் சேர்ந்து ஒரு ஞானப்பாட்டுப் பாடவேண்டும் என்றார். முடிசூட்டு வழிபாடொன்றிலே அதுவரை அங்ஙனம் நிகழ்ந்ததில்லை என்பர். அவர் தெரிந்ததோ 1551ஆம் ஆண்டின் ஜெனீவா சங்கீதப் புத்தகத்திலுள்ள பழைய மெட்டு. நூறாம் சங்கீதத்துக்குரியதாக இங்கிலாந்தில் நிலைத்த அம்மெட்டு ஊர்தோறும் பாடப்பட்டு வந்தது. பிரபுவும் அறிவார், வண்டியோட்டியும் அறிவான். அதற்கு எக்காள முழக்கத்தைச் சேர்த்தாரேயன்றி மெட்டினைச் சிதைத்தாரல்லர். இத்தனைக்கும் அவர் உறுதியான மத நம்பிக்கை உடையவரல்லர். ஒருவேளை அதனாலேதான் புறத்தே நிற்பவனுடைய நிலை அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

மகாராணியார் திருவிருந்து கொள்ளும் வேளைக்கு அவரே இயற்றிய இன்னொரு பாடல் இரண்டு நிமிடங்கூட நீளாதது. ஒற்றைச் சிறுவன் குரலிலே தொடங்கும். அரசியின் முன் பாடப்பட்ட அதனைச் சிறிய ஊர்க் கோயிற் குழுக்களும் இன்று பாடுகின்றன.

2023ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி மூன்றாம் சாள்ஸ் மன்னர் முடிசூடியபோது வாசல் இன்னும் அகலத் திறந்தது. வேல்ஸ் மொழியிலும் பாடல் ஒலித்தது. கிரேக்கத் திருச்சபையின் இசையும் இடம்பெற்றது. வேதாகமப் பகுதியை வாசித்தவரோ, அப்போது பிரதமராயிருந்த இந்துவான ரிஷி சுனக்.

நான் சென்ற ஆலயத்தின் பாடற்குழுத் தலைவருக்கு, சற்றுத் தயக்கத்துடன், இவற்றையெல்லாம் எழுதியனுப்பினேன். என்ன நினைப்பாரோ என்றிருந்தது. மறு ஆண்டு அழைப்பு வந்தது; தாளிலே கீர்த்தனையொன்றும் இருந்தது. பல்லவியைக் குழுவினர் இருமுறை தனியே பாடிக் காட்டினர். மூன்றாம் முறை எங்கள் வரிசையும் சேர்ந்துகொண்டது. அம்மாணவனுக்குச் சுருதி சற்றும் சேரவில்லை. ஆயினும் அவன் குரலே எல்லோருக்கும் மேலாகக் கேட்டது.