சுமந்து நடங்கள், இருபது நிமிடம் போதும்

ஞாயிறு காலையில் மட்டும் கிரிக்கெட்டோ ஷட்டிலோ ஆடுகிறவரா நீங்கள்? வார நாட்களில் ஜிம்முக்குப் போய் வெயிட் தூக்கி, பிறகு தம் பிடிக்க ஓடவும் வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். அலுவலகமும் பிள்ளைகளின் பள்ளியும் அதற்கு விடாது. ஸ்ட்ராங்மேன் பயில்வான்களின் பயிற்சியிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: கனத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது. ‘ஃபார்மர்ஸ் வாக்’ என்பார்கள்.

1977-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘வேர்ல்ட்ஸ் ஸ்ட்ராங்கஸ்ட் மேன்’ போட்டியால் இந்த வகைப் பயிற்சி உலகமெங்கும் தெரியவந்தது. நமக்கு இது அந்நியமில்லை. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். கைப்பிடி இல்லாத அந்த வழுவழுப்பான உருண்டைக் கல்லை, கைவலுவை மட்டும் நம்பி யாரும் தோளுக்கு ஏற்ற முடியாது. கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து உழைக்க வேண்டும்.

சுமைநடையிலும் அப்படித்தான். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். இரு கையிலும் கனம் இருக்கையில் உடம்பு சாய்ந்துவிடாமல் வயிற்றுத் தசையும் முதுகும் இறுகிப் பிடிக்கின்றன. விரல்கள் கெட்டிப்படுகின்றன. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கும். வலுவுக்கு ஒன்று, தம்முக்கு ஒன்று என்று தனித்தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. பளுவைத் தாங்கியபடியே தசை நீளும்போதுதான், உதாரணமாகப் பளுவோடு மெல்லக் குந்தும்போது, மறுநாள் வலி அதிகம் பிடிக்கிறது. சுமைநடையில் அந்த வேலை குறைவு. வியாழக்கிழமை செய்தாலும் ஞாயிறு ஆட்டம் பெரும்பாலும் கெடாது.

செலவும் இல்லை. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கேன் இரண்டு இருந்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 70 கிலோ எடையுள்ளவர் கைக்கு 15 கிலோவில் தொடங்கலாம். 30 மீட்டர் நடந்து இறக்கி வையுங்கள், ஒரு நிமிடம் இளைப்பாறுங்கள், மறுபடி தூக்குங்கள். இப்படி ஆறு நடை. பிறகு மணல் மூட்டை ஒன்றை நெஞ்சோடு அணைத்து மூன்று நடை. உடம்பைச் சூடேற்றும் நேரத்தையும் சேர்த்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாரம் இரண்டு நாள். பழகியதும் முதலில் தூரத்தைக் கூட்டுங்கள், எடையைப் பிறகு பார்க்கலாம்.

தூக்கும்போது முழங்காலையும் இடுப்பையும் மடக்குங்கள், முதுகு வளையக் கூடாது. இறக்கும்போதும் அதே கவனம் வேண்டும். களைப்பில் பலர் தொப்பென்று போடுவது அப்போதுதான். அடிகள் சிறியதாக இருக்கட்டும். பிடி நழுவினாலோ தோள் முன்னே சரிந்தாலோ அன்றைக்கு அது போதும்.

மூச்சை அடக்காதீர்கள். கனத்தை இறுக்கிப் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஆகவே உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குடலிறக்கம், முதுகுத் தண்டில் டிஸ்க் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கேனைத் தொட வேண்டாம்.