கோடியக்கரையில் வளையமிடும் காலம்

பாடும் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. இரவில் காற்று அடங்கிக் குளிர்ந்திருக்கும், வல்லூறுகளின் தொல்லை குறைவு, பகலை இரைதேடச் செலவிடலாம். இருட்டில் போவதைக் கண்ணால் தொடர முடியாது. அதனால் அவை இறங்கும் இடத்தில் காத்திருந்து பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி விடுகிறார்கள். 1899இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் மைனா இனப் பறவைகளுக்கு வளையமிட்டு இம்முறையைத் தொடங்கிவைத்தார்.

இந்தியாவில் 1959இல் பறவையியலாளர் சாலிம் அலி வழிகாட்ட, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என்று அறிய உலக சுகாதார நிறுவனம் உதவியது. கோடியக்கரை அப்பணியின் முக்கிய களங்களில் ஒன்று. கடலுக்குள் நீண்ட முனை, உலர் பசுமைமாறாக் காடு, அருகே இலங்கை: பயணக் குருவிக்கு வேறென்ன வேண்டும்?

பின்லாந்து முதல் சைபீரியா வரை கூடுகட்டும் பிளித் நாணல் கதிர்க்குருவி பனிக்காலத்தை இந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. எடை சுமார் 12 கிராம். இத்தகைய குருவிகளுக்காக விடியுமுன்பே புதர்களுக்கிடையே மெல்லிய நைலான் வலை கட்டப்படுகிறது. வெயிலில் குருவி தாங்காது என்பதால் அடிக்கடி வலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மழை வந்தால் சுருட்டிவிட வேண்டும். சிக்கியதைத் துணிப்பையில் போட்டு எடை பார்த்து, இறக்கையை அளந்து, அலுமினிய வளையம் மாட்டுவார்கள். கழுத்தடி இறகுகளை வாயால் ஊதி விலக்கினால் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். கழுத்தடிக் குழி கொழுப்பால் நிரம்பியிருந்தால் நெடும்பயணத்துக்கு எரிபொருள் சேர்ந்துவிட்டது என்று பொருள். முழு வேலையிலும் சுவையான கட்டம் இதுதான்.

வளையமிட்ட சிறுகுருவிகளில் மீண்டும் கைக்குக் கிடைப்பவை மிகச் சொற்பம். இடையில் குருவி எங்கே போனது என்பதை வளையம் சொல்லாது. அந்தக் குறையை, குருவியின் உடலில் கட்டிவிடும், வெளிச்சத்தை நேரத்தோடு பதியும் சிறு கருவி ஓரளவு தீர்க்கிறது. பகலின் நீளம் அட்சரேகையையும் நண்பகல் நேரம் தீர்க்கரேகையையும் காட்டும். இரவும் பகலும் சமமாகும் நாட்களில் மட்டும் அட்சரேகைக் கணக்கு உதவாது. வலசை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்! தகவலை எடுக்க அதே குருவியை மறுபடி பிடித்தாகவும் வேண்டும். இப்படித்தான் வட அமெரிக்காவின் கருந்தலைக் கதிர்க்குருவி இரண்டு மூன்று நாள் இறங்காமல் அட்லாண்டிக் மீது 2,270 கிலோமீட்டருக்கு மேல் பறப்பது 2015இல் உறுதியானது.

வளையத்துடன் இறந்த பறவை கண்ணில் பட்டால் எண், இடம், தேதி மூன்றையும் குறித்துக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். உயிருள்ள பறவையாக இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு, வளையத்தைக் கழற்றாமல் விட்டுவிடுங்கள்.